பனைமரங்கள் தெளிவாக விழுந்த படம்

1998ஆம் ஆண்டு, பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு, முற்பகல். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த எங்கள் ஊர் ஏரி. வானம் மேகமூட்டம், ஏரி நிரம்பியிருந்தது. கரையில் மூவர்: அண்ணன், வயது இருபத்திரண்டு; எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்த தென்காசிக்காரர்; பதினான்கு வயதில் நான். அண்ணன் மதகுச் சுவரிலிருந்து நீரில் குதித்தான். மும்முறை கை தூக்கினான். தென்காசிக்காரர் அவனைக் கரைசேர்த்தார். வலது முழங்காலில் காயம். உயிர்ச்சேதம் இல்லை. படம் ஒன்று எடுக்கப்பட்டது.

பதிவு இவ்வளவே. இதில் பொய் ஏதுமில்லை. ஒரு செயல் மட்டும் விடுபட்டிருக்கிறது.

கேமரா தென்காசிக்காரருடையது. சிங்கப்பூரில் இருந்த அவருடைய அக்கா கணவர் கொடுத்தது. அவரும் அண்ணனும் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் இருந்தார்கள். அதனால் கேமரா பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருக்கும். லென்சின் பக்கவாட்டில் ஒரு சிறு விசை உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் அது ஆட்டோ. கேமரா தானே தெளிவைத் தேடிக்கொள்ளும். மறுபக்கம் தள்ளினால் மேனுவல். லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் தேறாத அண்ணன் மேனுவலை நம்பினான். வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்த நான் கேமராவோடு வந்த ஆங்கிலக் கையேட்டை முழுவதும் படித்திருந்தேன். ஆகவே ஆட்டோவை நம்பினேன்.

ஃபிலிமில் ஒரு படமே மிச்சமிருந்தது. குதித்து, நீரைக் கிழித்து எழும் கணத்தில் தன்னை எடுக்கவேண்டும் என்பது அண்ணனின் நெடுநாள் ஆசை. தோளளவு நீரில் ஒரு சவுக்குக் கழியை நட்டுவிட்டுக் கரைக்கு வந்தான். அதைப் பார்த்து வளையத்தைத் திருப்பித் தெளிவை அந்த இடத்தில் நிறுத்தினான். கேமராவை என் கழுத்தில் மாட்டினான்.

“டேய் படிப்பாளி, ஒண்ணுதான் கீது. மேல வந்ததும் கை தூக்குவேன், அமுக்கிடு. வளையத்த மட்டும் நோண்டாத.”

“மத்ததெல்லாம் மங்கலா தெரியுதுண்ணா.”

“நான் வர்ற எடம் தெரிஞ்சா போதும்டா. மத்தது இன்னாத்துக்கு?”

கரைமேட்டில் தம் சீருடையை உலர்த்திக்கொண்டிருந்த தென்காசிக்காரர் திரும்பாமலே சொன்னார்: “சட்டையில்லாம எடுத்தா கெண்ட மீனுதாம் மாப்ள கேட்டு வரும், பாத்துக்கோ.”

அண்ணன் சிரித்தபடி நீரில் இறங்கினான். படத்தில் விழக்கூடாதென்று கழியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மதகை நோக்கி நீந்தினான். அந்த இடைவேளையில்தான் நான் விசையை ஆட்டோவுக்குத் தள்ளினேன். ஒரே ஒரு படம். அது கெட்டால் பழி என்மேல் விழும். அண்ணனின் கண்ணைவிட இயந்திரத்தின் கண் மேலானது என்று அச்சிட்ட கையேடே சொல்லியிருந்தது.

எங்கள் ஏரியில் நீந்தியவர்கள் எல்லோரும் ஒரு நம்பிக்கையோடு நீந்தியவர்கள்: களைத்தால் காலை ஊன்றலாம். கரையிலிருந்து அத்தனை மெல்லச் சரியும் தரை அது. முந்தைய கோடையில் தொழிற்சாலை மனைகளை மேடாக்க லாரி லாரியாக ஏரிக்குள்ளிருந்து மண் எடுத்தார்கள். குழிகள் சுவர்போல் நேராக இறங்கின. அவற்றை அண்ணனும் பார்த்திருந்தான். பிறகு மழை வந்து எல்லாவற்றையும் மூடியது. மேலே பார்ப்பதற்கு அது பழைய ஏரியாகவே இருந்தது.

அவன் குதித்தான். கழி நின்ற இடத்துக்குச் சற்று அப்பால், குழியின் விளிம்பில் முழங்கால் அடிபட்டது. மற்றக் காலுக்குத் தரை கிட்டவில்லை. இதை நான் பின்னர் அறிந்தேன். அப்போது அறிந்தது, ஒரு கை மேலே வந்தது என்பது மட்டுமே. அமுக்கினேன். பொத்தான் வேலை செய்யவில்லை. நடுவிலிருந்த சிறு கட்டத்துக்குள் வெறும் நீர். பிடிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. லென்ஸ் முன்னே ஓடியது, பின்னே ஓடியது, மெல்ல முனகியது. தெளிவு கிடைக்காதவரை அது படம் எடுக்காது. இதையும் கையேட்டில் படித்திருந்தேன்.

கை மறைந்தது. மீண்டும் எழுந்தது. எனக்காகப் பொறுமையோடு இன்னொருமுறை தூக்குகிறான் என்று எண்ணினேன். “இருண்ணா, இருண்ணா” என்றேன். கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை. மூன்றாம் முறை விரல்கள் மட்டும் தெரிந்தன. இன்னும் அழுத்தி அமுக்கினேன். கட்டம் மேலே நழுவி, எதிர்க்கரைப் பனைமரங்களில் நின்றது. லென்ஸ் அமைதியாயிற்று. கேமரா ‘க்ளிக்’ என்றது.

“ஏல, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? ஒங்கண்ணன் முங்குதாம்ல.”

தென்காசிக்காரர் என்னைத் தாண்டிப் பாய்ந்தார். ஆற்றில் நீந்திப் பழகியவர் அவர், தரையை எதிர்பார்க்காதவர். அவர் அண்ணனின் முடியைப் பற்றி இழுத்துவரும்வரை, முடிந்துபோன ஃபிலிமைக் கேமரா தானாகவே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றபோது அண்ணன் கரையில் குப்புறக் கிடந்து நீரைக் கக்கிக்கொண்டிருந்தான்.

சற்று நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தான். முழங்காலைப் பார்க்கவில்லை. கையை நீட்டி என் கழுத்திலிருந்து கேமராவை வாங்கினான். அதைக் கவனமாகப் பார்த்தான். கட்டைவிரலால் பக்கவாட்டில் ஏதோ செய்துவிட்டுத் தென்காசிக்காரரிடம் கொடுத்தான்.

“படம் வுழுந்துச்சா?” என்று என்னைக் கேட்டான்.

“தெரியலண்ணா.”

“வுழுந்திருக்கும், வுடு.”

மதகுப் பாசியில் வழுக்கியதாக அம்மாவிடம் சொன்னான். பொங்கல் கழித்துப் படம் வந்தது. பனைமரங்கள் ஓலை ஓலையாகத் தெளிந்திருந்தன. கீழே நீரில் பழுப்பாக ஒரு கறை.

“பனமரத்துக்கு நல்லாத்தான் போட்டோ எடுத்திருக்க, தம்பி” என்றார் தென்காசிக்காரர்.

“அவன் இன்னா பண்ணுவான்? மேனுவல்லதான கீது. நான்தான் தப்பா வச்சிட்டுப் போனேன்” என்றான் அண்ணன்.

தென்காசிக்காரர் கேமராவைத் திருப்பிப் பார்த்தார். விசை மேனுவலில் இருந்தது. நான் தப்பித்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்ற நிம்மதியோடு படிக்கப் போனேன். அதற்குப் பிறகும் நெடுங்காலம், அவன் ஓவர்டைம் பார்த்த ஆண்டுகளிலெல்லாம், படித்துக்கொண்டேயிருந்தேன். ஃபிலிம் முடிந்த கேமராவில் எந்த விசையையும் தள்ளவேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அன்று விசைமேல் அந்தக் கட்டைவிரலைக் கண்ணால் பார்த்தேன். ஈரத்தைத் துடைக்கிறான் என்று நினைத்தேன்.

சென்ற மாசியில் அண்ணன் காலமானான். செய்யாமல் நிற்பவை:

தென்காசிக்காரரின் முகவரியைத் தேடி, செய்தி தெரிவிப்பது.

அண்ணன் மகளுக்கு, கால் ஊன்ற இயலாத நீரில் நீந்தக் கற்றுத்தர ஏற்பாடு செய்வது.

அவனுடைய அலமாரியில் கிடைத்த அந்தப் படத்தை அண்ணியிடம் திருப்பிக் கொடுப்பது.

விசையைத் தள்ளியது நான் என்று அவனிடம் சொல்வது.