மாரப்பன் தானே போய்ப் பார்த்த படம்

மாரப்பன் தேங்காயைக் காதருகே கொண்டுபோய் ஒரு குலுக்கு குலுக்குவார். பிறகு நடுவிரலை மடக்கி, கணுவால் இரண்டு தட்டு. வலப்பக்கம் எறிந்தால் முற்றல். இடப்பக்கம் எறிந்தால் அழுகல். அன்னூர்த் தேங்காய்க் களத்தில் இருபத்தெட்டு வருடமாக இதுதான் வேலை. இடப்பக்கம் விழுந்த காயை யாரும் உடைத்துச் சரிபார்ப்பதில்லை.

அடுத்தவர் சொல்லை அவர் எடுத்துக்கொண்டதே கிடையாது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நர்ஸ் சொன்னாலும் தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பஸ் வருகிறது என்று பத்துப் பேர் சொன்னாலும் ரோட்டில் இறங்கி எட்டிப் பார்ப்பார். இழவு வீட்டில்கூட, செத்தவரின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் துண்டை வாயில் பொத்தி அழுவார். "ஊரு ஆயிரஞ் சொல்லுமுங்க. நாம பாத்தாத்தான் நெசம்" என்பார்.

அந்தப் படம் வந்தபோது கோயமுத்தூரில் போஸ்டரைக் கிழித்தார்கள். படுக்கையறைக் காட்சிகள் குடும்பத்தைக் கெடுக்கும் என்று தியேட்டர் வாசலில் மைக் வைத்துப் பேசினார்கள். மாரப்பன் கண்டுகொள்ளவில்லை. அவருடைய மனைவி மாசாணியம்மாள், பனியன் கம்பெனியில் கூட வேலைசெய்யும் ஐந்தாறு பெண்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலமே, மாட்டுத் தீவன மூட்டை அடுக்கியிருந்த சின்ன அறையைக் கூட்டிப் பெருக்கி, தன் பாயையும் தலையணையையும் அங்கே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். சண்டை இல்லை. சோறு நேரத்துக்கு வந்தது. உள்தாழ்ப்பாளும் நேரத்துக்கு விழுந்தது. கேட்டால், "ஒண்ணுமில்லீங்க." பதினாறு நாள் இப்படியே போயிற்று.

விஷயம் எப்படியோ களத்துக்கு வந்துவிட்டது. காய் உரிக்கும் திருமலைசாமிக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்ணா, அண்ணி படம் பாத்துப்போட்டு வந்து தனிக்குடித்தனமாமா? இதுக்குத்தான் அந்தக் கருமத்தத் தடை பண்ணோணும்ங்கறது."

"நீ பாத்தியா?"

"அய்ய, நா எதுக்குங்ணா அதையெல்லாம் பாக்கறேன்!"

"தட்டிப் பாக்காத காய எந்தப் பக்கம்டா எறியறது?"

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு மத்தியானக் காட்சிக்குப் போனார். மாசாணியைக் கெடுத்தது எது என்று கண்டுபிடித்துவிட்டால், பேசித் திருப்பிக் கூட்டிவந்துவிடலாம் என்று கணக்கு. தியேட்டரில் பதினோரு பேர். படுக்கைக் காட்சி வந்ததும் கூச்சத்தில் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு, பார்க்கத்தானே வந்தோம் என்று தலையை நிமிர்த்தினார். ஊர் சொன்ன அளவுக்கு ஒன்றும் இல்லை. இதற்கா இத்தனை கூப்பாடு என்று சாய்ந்து உட்கார்ந்தார்.

இடைவேளைக்குப் பிறகு அது வந்தது. கதாநாயகன் மனைவியின் தோளில் கை வைக்கிறான். "இன்னைக்கு வேண்டாம்" என்கிறாள். கையை எடுத்துக்கொள்கிறான். மாரப்பன் நாற்காலிக் கையைப் பிடித்தபடி காத்திருந்தார். இப்போது முறைப்பான். இல்லாவிட்டால் கெஞ்சுவான். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை திரும்பவும் போகும். போகவில்லை. அவன் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பக்கத்து வீட்டு நாயைப் பற்றி ஏதோ பேசிச் சிரித்தார்கள். அப்படியே தூங்கிப்போனார்கள். முன்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான்.

"வேண்டாங்க" என்று மாசாணி எத்தனை தடவை சொல்லியிருப்பாள்? கல்யாணமான புதிதில் வாய்விட்டுச் சொன்னாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். பிறகு கையைத் தள்ளிப் பார்த்தாள். அப்புறம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சும்மா கிடந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். தேங்காய் ஓட்டுக்குள் தளும்பும் தண்ணீரைக் கேட்கிற காது அவருடையது. இருபத்தாறு வருடம். மீதிப் படத்தில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

அன்னூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடையில் திருமலைசாமி. "என்னங்ணா, போய்ப் பாத்துப்போட்டீங்களாமா? அசிங்கந்தானுங்களே?"

எதைக் கேட்டாலும் வலமா இடமா என்று சொல்லிவிடுகிறவர், "தெரீலப்பா" என்றார். நிற்காமல் வீட்டுப் பக்கம் நடந்தார்.

வீட்டில் மாசாணியம்மாள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் எட்டிப் பார்த்த டிக்கெட்டைக் கவனித்துவிட்டார்.

"பாத்துப்போட்டு வந்துட்டீங்களாக்கு?"

"ம்."

"அந்தத் தண்ணி குடுக்கற எடம்?"

"பாத்தேன் மாசாணி." டிக்கெட்டைப் பைக்குள் அழுத்திவிட்டு, "எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

"தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க. நாந்தான் சொன்னனே." கோபமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். "சோறு மூடி வெச்சிருக்கறனுங்க."

இலைக்காம்புகளை அள்ளி வெளியே போட்டுவிட்டுச் சின்ன அறைக்குள் போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

மாரப்பன் கதவுக்கு முன்னால் போய் நின்றார். பழக்கத்தில் நடுவிரல் தானாக மடங்கி, கை மேலே எழுந்தது. பலகைக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக் கீழே இறக்கினார்.