மணியைக் கழற்றிய இடம்

தெல்தெனியவைத் தாண்டியதும் ஏரிக்கரைப் பாதை கல்லும் குழியுமாகிறது. இன்றைக்கே நீர்த்தேக்கத்தைச் சுற்றிவிடும் அவசரத்தில் மிதிக்கிறேன். குழிக்குக் குழி சைக்கிள் மணி தானாகவே கிணுகிணுக்கிறது. வளைவில், தேயிலைக் கொழுந்துக் கூடையோடு ஓர் அக்கா கைகளை விரித்து மறிக்கிறார்.

"தங்கச்சி, எறங்குங்க. முன்னால பாருங்க."

பாதைக்கு மேலே நீளும் மருதங்கிளையில் பானை அளவு குளவிக்கூடு. அதன் மேற்பரப்பு அசைகிறது. திரும்பினால் வந்த தூரமெல்லாம் இருட்டில்தான் மிதிக்க வேண்டும்.

"நானும் அந்தப் பக்கந்தான் போகணும். மெதுவா வாங்க. மொதல்ல மணியக் கழட்டுங்க, சத்தத்துக்குக் கலஞ்சிரும்."

திருகும்போது விரல் வழுக்குகிறது. அக்கா மூக்கைச் சுளிக்கிறார்.

"கல்யாண வீட்டுக்கா போறீங்க, இப்பிடி மணக்குது?"

"வெயிலுக்குப் பூசுற க்ரீம் அக்கா."

கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அவிழ்த்து என் தலையில் போர்த்துகிறார். மணியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி, கிளைக்குக் கீழே சைக்கிளைத் தள்ளுகிறேன். ஒரு குளவி கைப்பிடியில் உட்கார்ந்து என் பெருவிரல்வரை நடந்து வருகிறது. நின்றுவிடுகிறேன். அக்காவும் நிற்கிறார். அது பறந்துவிடுகிறது.

நூறடி தள்ளி வந்து சைக்கிளை நிறுத்துகிறேன்.

"இப்ப மாட்டிக்கங்க மணிய."

"வேணாம் அக்கா. இந்தக் கூட்ட யாரும் எடுக்க மாட்டாங்களா?"

"தோட்டத்துத் தொரைகிட்டச் சொல்லி மூணு வாரமாச்சு," என்று படங்கைத் திரும்ப வாங்கி இடுப்பில் கட்டுகிறார். "நாளைக்கு அந்த மரத்தடியிலதான் எங்களுக்குக் கொழுந்து பறிக்கிற வேல."