கதகதப்பான வண்டி

நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் இது நடந்தது. இதற்கு ஆளானவர் இன்றும் கார் இருக்கைகளுக்கு உறை தைத்துப் பிழைத்துவருகிறார். ஊரார் அவரை உறைக்காரர் என்றே அழைப்பார்கள். வம்புப் பேச்சென்றால் வலிய வந்து கலந்துகொள்பவர். கார் ஹீட்டர் என்ற பேச்சு எழுந்தால் மட்டும் கையிலிருக்கும் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து போய்விடுவார். ஒரே ஒருமுறைதான் முழுவதையும் வாய் திறந்து சொன்னார். அவர் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை.

அவருடைய மகளுக்கு அப்போது நான்கு வயது. மூன்று நாளாகக் காய்ச்சல் இறங்கவேயில்லை. பக்கத்து மருத்துவர் குழந்தையின் மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க" என்றார்.

கார் புதிதாக வாங்கிய பழைய கார். வாங்கிய வாரமே, கூரையிலிருந்து தரைவிரிப்பு வரை தன் கையாலேயே தைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துப் பிடித்து ஒட்டியிருந்தார். ஊருக்கெல்லாம் உறை தைப்பவன் வண்டி அம்மணமாக ஓடலாமா என்பது அவருடைய வீம்பு.

கிளம்பும்போது மைத்துனன் வந்து நின்றான். கார் மெக்கானிக்; அறிவுரைக்குக் கூலி கேட்காதவன்.

"மாமா, ஹீட்டர் போட்டா மூச்சு பட்டுக் கண்ணாடி உள்பக்கம் மங்கும். அப்போ ஏசியையும் சேர்த்துப் போட்டுடுங்க."

"பனியில ஏசியா? உங்கக்காவைக் கட்டினப்பவே எனக்குப் பாதி மூளை போச்சுடா. மிச்சத்தையும் நீ பிடுங்காத."

"கேளுங்க மாமா. சூட்டோட சேர்ந்தா அது ஈரத்தை இழுத்துரும். உள்ள இருக்கிற காத்தையே சுத்த விடாதீங்க. வெளிக்காத்து பொத்தானைப் போடுங்க. உங்க பக்கத்துக் கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியே இருக்கட்டும். எங்கயாவது பனியில நின்னுட்டீங்கன்னா, அப்பப்போ இறங்கிப் போய்ப் புகைக்குழாய் வாயில அடைக்கிற பனியைத் தள்ளி விடுங்க."

ஏன் என்று அவன் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. அவன் காரணம் சொல்ல ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும் என்பது குடும்பத்துக்கே தெரியும்.

மனைவி குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். முன்னால், அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலையுச்சியை நெருங்கும்போது பனி கொட்டத் தொடங்கியது. ஒரு வளைவைத் திரும்பினால், பாதையின் குறுக்கே பனி சரிந்து ஆள் உயரத்துக்குக் கிடந்தது. அதன் முன்னே ஒரு சாம்பல் நிறக் கார் நின்றிருந்தது. திரும்பலாம் என்று பின்னே பார்த்தார். வந்த வழியும் மூடிக்கொண்டிருந்தது. அப்போது மணி இரண்டு.

இறங்கிப் போய் அந்தக் காரின் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே ஒரு கணவனும் மனைவியும். கணவருக்குக் காதை மூடிய பச்சைக் கம்பளிக் குல்லாய். அந்த அம்மாளுக்குக் கடுகு நிறச் சால்வை. கண்ணாடி இறங்கியதும் அடுப்படியிலிருந்து வருவதுபோல் சூடு முகத்தில் அடித்தது.

"போன் பண்ணிட்டோம். பனி தள்ற வண்டி வருதாம்" என்றார் குல்லாய்க்காரர். "வர்ற வரைக்கும் தூங்க வேண்டியதுதான். வீட்டுல இவ தூங்க விடுறதில்ல."

"இவர் குறட்டைக்கு அந்த வண்டியே பயந்து திரும்பிடும்" என்று சிரித்தாள் அந்த அம்மாள். "உங்க கூட யாரு?"

"மனைவியும் குழந்தையும்மா. குழந்தைக்குக் காய்ச்சல். தூங்குது."

"ஐயோ பாவம். குளிர் தாங்கலைன்னா இங்க கொண்டாங்க. எங்க வண்டி கதகதன்னு இருக்கு."

திரும்பி வரும்போது பார்த்தார். அந்தக் காரின் பின்புறம் பனிமேட்டில் புதைந்தாற்போல் நின்றது. புகைக்குழாயிலிருந்து வெண்புகை வந்துகொண்டிருந்தது.

தம் காருக்குள் ஏறியபோது மனைவி முறைத்தாள்.

"என்னங்க, ஹீட்டரையும் போட்டுட்டுக் கண்ணாடியையும் திறந்து வைக்கிறீங்க. வண்டியைச் சூடாக்கவா, மலையைச் சூடாக்கவா?"

"உன் தம்பி சொன்னதும்மா."

முன்னால் சூடு இருந்தது, பின்னால் எட்டவில்லை. பின்னிருக்கையில் மனைவியின் கால்கள் மரத்துப்போயின. குழந்தை விழித்து நடுங்க ஆரம்பித்தது. தம்முடைய மேல்சட்டையையும் கழற்றிப் போர்த்தினார். நடுக்கம் நிற்கவில்லை. "கதை சொல்லுப்பா" என்றது.

சொன்னார். "ஒரு எலி. பனியில நனைஞ்சு ஓடிச்சாம். ஒரு பொந்து. எட்டிப் பார்த்தா உள்ள கதகதப்பு. அடுப்பு இல்ல, நெருப்பு இல்ல, அப்புறம் எப்படிச் சூடுன்னு எலி யோசிச்சுதாம். யாரு தெரியுமா உள்ள? பூனை. அது மூச்சுதான் அந்தச் சூடு."

"அப்புறம்?"

சொல்ல மனமில்லாமல் இறங்கிப் போனார். மைத்துனன் சொன்னபடி புகைக்குழாயைச் சுற்றிப் பனியைக் காலால் தள்ளினார். முன்னால் நின்ற காரைப் பார்த்தார். கண்ணாடிகளெல்லாம் உள்ளிருந்து வெள்ளையாக மங்கியிருந்தன. கொடுத்து வைத்தவர்கள் என்று தோன்றியது. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. ஆனால் புகை மட்டும் வெளியே தெரியவில்லை. நல்ல இன்ஜின் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்து ஏறினார்.

சற்று நேரத்தில் அந்த ஒலி தொடங்கியது.

டிங்... டிங்... டிங்...

யாராவது உட்கார்ந்து சீட் பெல்ட் பட்டையை மாட்டாமலிருந்தால் கார் எழுப்பும் மணி. எரிந்த சிவப்பு விளக்கு, பக்கத்து இருக்கையினுடையது. அங்கே யாருமில்லை, ஒரு பைகூட இல்லை. இருக்கையைத் தட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. கடைசியில், காலி இருக்கையின் குறுக்கே பட்டையை இழுத்து மாட்டினார்.

மணி நின்றது.

அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல் தோன்றியது. தேய்ந்தது. மீண்டும் தோன்றியது. யாரோ மூச்சு விடுவதைப்போல... சீராக.

"கண்ணாடி மங்குதுங்க" என்றாள் மனைவி.

ஏசி பொத்தானை அழுத்தினார். வெளிக்காற்றுப் பொத்தானின் விளக்கு எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. மற்றக் கண்ணாடிகளெல்லாம் தெளிந்தன. அந்த ஒரு வட்டம் மட்டும் தெளியவில்லை.

நான்கு மணி தாண்டியது. குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. பல் கிட்டியது.

"எனக்குப் பயமா இருக்குங்க. அந்த வண்டிக்கே கொண்டு போயிடலாம்."

"சரி, தூக்கு" என்றார்.

டக். டக்.

அவர் பக்கத்துக் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

கடுகு நிறச் சால்வை. அந்த அம்மாள்தான். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"குழந்தையைக் குடுங்க" என்றாள். குரல் விரல் அகல இடைவெளி வழியே வந்தது. "எங்க வண்டி கதகதன்னு இருக்கு."

"இதோம்மா, நாங்களே கொண்டு வர..."

கதவின் பூட்டுக் குமிழை மேலே தூக்கினார். கதவைத் திறப்பதற்குள் அது இறங்கிவிட்டது.

டக்.

மீண்டும் தூக்கினார். டக். பின்கதவில் மனைவி தூக்கினாள். டக். நான்கு குமிழ்களும் ஒரே நேரத்தில், யாரோ ஒரே கையால் அமுக்கியதுபோல் இறங்கின. கண்ணாடியை இறக்கும் பொத்தானை அழுத்தினார். அசையவில்லை.

"திறங்களேன்! பிள்ளை விறைச்சுப் போகுதுங்க!"

"திறக்க மாட்டேங்குதுடி!"

வெளியே அவள் பொறுமையாக நின்றாள். பேசும்போது அவள் வாயிலிருந்து வெண்மூச்சு வரவில்லை. அப்போதுதான் கண்டார்... அவளுடைய இமைமேல் பனி விழுந்து கிடந்தது. கன்னத்தில், உதட்டின்மேல். எதுவும் கரையவில்லை.

"குடுங்க. நல்லாத் தூங்கும்" என்றாள்.

இடைவெளி வழியே நான்கு விரல்கள் உள்ளே வந்தன. அவற்றோடு சூடு வந்தது. புழுங்கிய, புகை நாறும் சூடு.

பின்னாலிருந்து குழந்தை அவளை நோக்கிக் கைகளை நீட்டியது.

மனைவி பார்த்தது சால்வையை மட்டுந்தான். "உடைங்க! கண்ணாடியை உடைங்க!" என்று கத்தினாள். துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல் அவர் காலடியில் இருந்தது. எடுத்தார். ஓங்கினார். எதற்காக ஓங்குகிறோம்... குழந்தையைக் கொடுக்கவா, கொடுக்காமலிருக்கவா... அவருக்கே தெரியவில்லை. அடித்தார். கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை.

பக்கத்தில் பட்டை இறுகியது. கிர்ர்... காலி இருக்கையிலிருந்து யாரோ முன்னால் எக்குவதுபோல.

ஹீட்டரின் விசிறி தானாகவே உச்சத்துக்கு ஏறி இரைந்தது.

எல்லாக் கண்ணாடியும் ஒரே மூச்சில் வெளுத்தது.

பிறகு... சத்தமில்லை.

கையால் துடைத்துப் பார்த்தார்.

யாருமில்லை.

பனியில் காலடித் தடமும் இல்லை.

அதற்குப் பின் கதவு சாதாரணமாகத் திறந்தது. அவர் இறங்கவில்லை. மனைவியைக் குழந்தையோடு முன்னிருக்கைக்கு வரச் சொன்னார். காலி இருக்கையின் பட்டையைக் கழற்றி இடம் விட்டார். அங்கே ஹீட்டர் காற்று குழந்தையின்மேல் நேராகப் பட்டது. கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் தணிந்தது. இருட்டும் நேரத்தில் பனி தள்ளும் இயந்திரம் வந்தது. ஆட்கள் முதலில் சாம்பல் நிறக் காரிடம் போனார்கள். ஒருவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இவர்களை அருகே வரவேண்டாம் என்று கையைக் காட்டினார்.

குழந்தை பிழைத்தது. அதற்கு மருந்து ஏற்றிய மருத்துவரேதான் அந்த இருவரையும் பார்த்தார். புகைக்குழாயைப் பனி அடைத்துவிட்டது. போக வழியில்லாத நச்சுப் புகை உள்ளே கசிந்தது. கண்ணாடி நன்றாக மூடியிருந்தது. உள்காற்றையே சுற்றவிட்டிருந்தார்கள்.

"தூக்கத்துலயே போயிருக்காங்க. மூணு மணியைத் தாண்டியிருக்காது" என்றார் மருத்துவர்.

"அந்த அம்மா நாலு மணிக்கு மேல எங்ககிட்ட வந்து பேசினாங்க டாக்டர்."

உடல்களைக் கொண்டுவந்து அருகில் நின்ற பனி தள்ளும் ஆள் இவரைப் பார்த்தான். "அண்ணே, அந்த வண்டியில கதவுப் பிடி வரைக்கும் பனி மூடிக் கிடந்துச்சு. கலையவே இல்ல. நான்தான் தோண்டித் திறந்தேன். அந்தம்மா பட்டைகூடக் கழட்டலண்ணே."

ஊர் திரும்பியதும் மைத்துனன் காரைக் கழற்றிப் போட்டுப் பார்த்தான். பூட்டில் பழுதில்லை. கண்ணாடியில் பழுதில்லை. ஹீட்டரிலும் இல்லை. முன்னிருக்கைக்கு அடியில் விரிப்பைக் கிழித்துக் காட்டினான். "பின்சீட்டுக்குச் சூடு வர்ற வாய் இது மாமா. இதுமேல விரிப்பை இழுத்து ஒட்டியிருக்கீங்க." ஒரு சுருக்கமில்லாத அந்த வேலையை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரை விற்றுவிட்டார். அந்த நாளைப்பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. ஒரு நாள் மாலை அவர் தைத்துக்கொண்டிருக்க, மகள் துண்டுத் துணிக் குவியலில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்த எலி உள்ள போகலை."

தையல் இயந்திரம் நின்றது. "ஏன்டா?"

"மாமா விடலை. கதவைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. வெளிய நின்னவங்களைப் பார்த்துப் பார்த்து அழுதாரு."

"எந்த மாமா?"

"உன் பக்கத்துல உக்காந்திருந்தாரே. நீகூட பெல்ட் மாட்டி விட்டியே."

 சாம்பல் நிறக் காரின் கண்ணாடி இறங்கிய அந்த ஒரே வேளையில் மகள் பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தவர்களை உயிரோடு அவள் கண்டதே இல்லை.

"அந்த மாமா... எப்படிம்மா இருந்தாரு?"

மகள் துணிக் குவியலைக் கிளறினாள். சிவப்பைத் தள்ளினாள். நீலத்தைத் தள்ளினாள். அடியிலிருந்து ஒரு பச்சைக் கம்பளித் துண்டை உருவி எடுத்து, காது மூடும்படி தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.