கருப்பம்மா அக்கா அணைத்த சூடம்

மடுல்சீமைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், மேட்டு லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் கருப்பம்மா அக்காவைத் தெரியாதவர் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்து, முட்டி தேய்ந்து, வேலையை விட்டு நின்றவர். ஆனாலும் சும்மா இருக்க மாட்டார். மாதாமாதம் எட்டு வீட்டுக் கரண்ட் பில்லையும் காசையும் முந்தானையில் முடிந்துகொண்டு என் கடைக்கு ஏறி வருவார். நான் போனில் கட்டிக் கொடுப்பேன். லுணுகலை டவுனுக்குப் பஸ் ஏறும் செலவு அந்த வீடுகளுக்கு மிச்சம். ரசீதை நீட்டினால், "அது எதுக்கு தம்பி, எனக்கு வாசிக்கவா தெரியும்?" என்று சிரிப்பார்.

ஒவ்வொரு பில்லுக்கும் முப்பது ரூபாய் கூடுதலாக வாங்கினேன். கமிஷன் என்றால் கட்டுகிறவர் தருவது என்றுதான் முதலில் நினைத்தேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. ஆடி மாதம் போன் கம்பனி ஆள் வந்து ஒரு தாளைக் கொடுத்தார்.

"ஐயா, கமிஷன் நாங்க தர்றோம். சனங்ககிட்ட ஒரு ரூவாயும் வாங்கக் கூடாது. இதைச் சுவத்துல ஒட்டுங்க."

நான் ஒட்டவில்லை. முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். தினமும் அதே படத்துக்குத்தான் விளக்கு வைத்துக் கும்பிட்டேன்.

கார்த்திகையில் அக்கா வந்தபோது முகம் சரியில்லை.

"என்னக்கா, சொகமில்லையா?"

"பக்கத்து வீட்டு துஷாந்தி, தண்ணி பிடிக்கிற பீலியில எல்லாரும் கேக்க, 'கருப்பம்மாக்காவுக்கு வெத்தல பாக்கு நம்ம பில்லுலதான்'னு சிரிக்கிறா தம்பி. விட்டேனா? மாரியம்மன் கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிட்டேன். நானும் தொடல, கடைத் தம்பியும் தொடல, முப்பதும் கம்பனிக்குத்தான்னு."

நான் கேட்காமலே எனக்கும் சேர்த்துச் சத்தியம் பண்ணியிருக்கிறார். படத்துக்குப் பின்னாலிருந்த தாளை எடுத்து வாசித்துக் காட்டினேன்.

"நல்லதாப் போச்சு. இன்னையில இருந்தா தம்பி?"

ஆமாம் என்றால் முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது.

"இல்லக்கா. ஆடியில இருந்தே. அந்தக் காசை நான்தான் எடுத்தேன்."

அக்கா திட்டவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சூடம் சுட்ட இடம் இன்னும் கறுத்துத்தான் இருந்தது.

"அப்ப அம்மனுக்கு முன்னால நான் பொய் சொல்லியிருக்கேன்."

அந்த வெள்ளிக்கிழமை பூசைக்குக் கூடிய சனத்தின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். காசைத் திருப்பிக் கொடுத்தேன். துஷாந்திகூடச் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் தேவலை போலிருந்தது.

அக்கா இப்போதும் பில் கொண்டு வருகிறார். எழுத்துத் தெரியாத மனுஷி, எட்டு ரசீதையும் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டுதான் இறங்குகிறார்.