அழிக்காமல் விட்ட பழைய டேட்டாபேஸ்

என்டர் விசையின் மேல் என் விரல் இருந்தது. அடையாறில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் கம்ப்யூட்டர் வேலை முழுவதையும் நான் ஒருவனாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை முதல் ஷிஃப்டுக்கு வந்தவர்கள் படுக்கையில் காத்திருந்தார்கள். யார் உடம்பிலிருந்து எவ்வளவு நீரை எடுக்கலாம் என்பதற்கான எடைக் குறிப்புகள் டேட்டாபேஸில் இருந்தன; அன்றைக்கு அது பாதிப் பேருக்குக் குறிப்பைக் காட்ட மறுத்தது. அளவு தப்பினால் பிரஷர் இறங்கி ஆள் மயங்கிவிடுவார். எனக்கென்னவோ பதற்றமில்லை. தினமும் நகல் எடுக்கிறேனே, அதைத் தூக்கி மேலே போட்டால் தீர்ந்தது என்று மிதப்பில் இருந்தேன்.

பக்கத்தில் நின்ற ஹெட் சிஸ்டர் சாந்தோம்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். "மேல போட்டா இப்ப இருக்கறது இன்னா ஆவும் சார்?" என்றார். அழிந்துவிடும் என்றேன். "புது ஊசி ஏறிச்சா இல்லியான்னு பாக்காம பழச யாராவது புடுங்குவாங்களா? மொதல்ல வேற மிஷின்ல போட்டுப் பாருங்க." இவருக்கென்ன தெரியும் என்று எரிச்சல்தான் வந்தது. அவர் வாயை அடைப்பதற்காகவே இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டேன். திறக்கவில்லை. அதற்கு முந்தைய நாளின் நகலும் திறக்கவில்லை.

பதிவுகள் நடந்துகொண்டிருக்கும்போதே ஃபைல்களை அப்படியே காப்பி செய்துவந்திருக்கிறேன். பஸ்ஸில் முன்பக்கம் தலை எண்ணி முடிப்பதற்குள் பின்பக்கம் நாலு பேர் ஏறி இறங்கினால் கணக்கு உதைக்கத்தானே செய்யும். ஓடும் டேட்டாபேஸை நிறுத்தாமலே ஒரு கணத்து நிலையை முழுசாக எடுத்துத்தர அதிலேயே வழி உண்டு. எடுத்ததைத் தனி மிஷினில் திறந்தும் பார்க்க வேண்டும். இதெல்லாம் படித்தவன்தான். ஒருநாள்கூடத் திறந்து பார்த்ததில்லை.

டேட்டாபேஸை நிறுத்தி, பழுதான ஃபைல்களை ஓரமாக வைத்துவிட்டு, அவற்றுக்கு அப்போதே எடுத்த ஒரு பிரதியிலிருந்து மதியத்துக்குள் குறிப்புகளை மீட்டேன். இரண்டு பேருக்கு மட்டும் டாக்டர் புதிதாக எடையை நிர்ணயித்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிர்வாகம் எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தது. சிஸ்டரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

இப்போது வாராவாரம் நகலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். போன மாதம் சிஸ்டருக்குப் பிரிவு உபசாரம். இன்றைக்காவது சொல்லிவிடுவோம் என்று எழுந்தேன். அதற்குள் அவர் மைக்கை வாங்கி, "அன்னிக்கு மட்டும் சார் இல்லன்னா என் பேஷண்ட்டுங்க பாடு அவ்ளோதான்" என்றார். கேலியே இல்லை, மனசாரச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.