இவருக்குப் பதில் இவர்

நான்காம் வகுப்பு படித்தபோது இரண்டு நாள், என் அப்பாவை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று உறுதியாக நம்பினேன். அதற்குக் காரணம் அத்தையின் படிப்பு.

அத்தை அப்பாவின் தங்கை. போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் செருப்புக்கு மேல்பாகம் தைத்துக்கொண்டே தபால் வழியில் எம்.ஏ. தத்துவம் படித்தாள். "அதப் படிச்சு என்னா பண்ணப் போற?" என்று கேட்காத ஆள் பாரூரில் இல்லை. பதில் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்களுக்கே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். காலையில் ஏரிக்கரை நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் ஏழெட்டுப் பெண்கள்தான் அவளுடைய வகுப்பு. நானும் பள்ளி வேனுக்கு அங்கேதான் நிற்பேன். புத்தகத்து வார்த்தையில் பேசினால் ஒருத்தியும் காது கொடுக்க மாட்டாள் என்று தெரிந்து, எல்லாவற்றையும் சினிமாவிலும் சீரியலிலும் போட்டுக் காய்ச்சி எடுப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை பேச்சு, எல்லாரும் பார்க்கிற ஒரு சீரியலைப் பற்றி. அதில் மாமியாராக நடித்தவர் விலகிவிட, 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போட்டு வேறொருவரைக் கொண்டுவந்திருந்தார்கள்.

"நேத்து வரைக்கும் ஒரு மூஞ்சி, இன்னிக்கி வேற மூஞ்சி. ஊட்ல ஒருத்தரும் கண்டுக்கல. மருமவ அதே டம்ளர்ல காபி குடுக்குறா. அப்ப அந்த மாமியாருங்கறது எது? மூஞ்சியா, குரலா, ஞாபகமா?" என்றாள் அத்தை.

"ஞாபகந்தான்" என்றாள் ஒருத்தி.

"அப்ப மறதி வந்துட்டா அவ வேற ஆளாயிடுவாளா?"

"நடிச்ச பொம்பள சண்ட போட்டுக்கினு போயிருப்பா. அதுக்குப் போயி காலங்காத்தால எங்க உசுர எடுக்கற" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பஸ் வந்தது. அவர்களோடு கேள்வியும் ஏறிப் போயிருக்க வேண்டும். ஆனால் அது என்னோடு வேனில் ஏறியது. முகம் மாறியது எனக்குப் பயமாக இல்லை. வீட்டில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை என்றாளே, அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அப்பா வந்தார்.

ஓசூரில் லேத் மிஷின் ஓட்டுகிறவர். அங்கேயே ஒரு அறையில் தங்கி, மாதம் ஒருமுறை வருவார். வாசலில் செருப்பைக் கழற்றியவருக்கு மீசை இல்லை. மேலுதடு வெளிறி, யாருடையதோ மாதிரி இருந்தது. "புது மாஸ்க் குடுத்துருக்காங்க, மீச இருந்தா ஒட்டாதாம்" என்றார். அம்மா சிரித்துவிட்டுக் காபி போடப் போனாள். கொடுத்தது அதே டம்ளர்.

நான் கவனிக்கத் தொடங்கினேன். அப்பாவின் சட்டையில் எப்போதும் கிரீஸ் வாடை வரும். இந்தச் சட்டை பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தது போல இனிப்பாக மணத்தது. நகக்கண்ணில் கருப்பு இல்லை. சாப்பிட்ட பின் மெல்லப் பக்கத்தில் போய், "எனக்கு எந்தக் கால்ல தழும்பு இருக்குது, சொல்லுங்க" என்றேன்.

தூக்கக் கலக்கத்தில், "எடது கால்ல, கண்ணு" என்றார்.

வலது காலில்.

ஞாயிறு காலை கொல்லைப்பக்கம் நின்று போனில் தணிந்த குரலில் பேசினார். தட்டுத் தடுமாறிய கன்னடம். அப்பாவுக்குக் கன்னடம் வராது. நாங்கள் ஓசூர் போகும்போது கடைக்காரர்கள் கன்னடத்தில் கேட்டால் சிரித்துக்கொண்டு தமிழில்தான் பதில் சொல்வார். இனி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அத்தையிடம் சொல்லலாமென்று ஓடினேன். அவள் அண்ணனுக்கு மீன் கழுவிக்கொண்டு உற்சாகமாக இருந்தாள். கேள்வி கேட்டவளே கண்டுகொள்ளவில்லை என்றால் வேறு யாரிடம் போவது?

தம்பிக்கு இரண்டரை வயது. அவனையாவது காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த நேரத்தில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கண்ணாமூச்சி விளையாடலாம் என்று சொல்லி, கால்வாய்க் கரையோரமாகக் கரும்புக்காட்டு மோட்டார் அறைக்குப் போய்விட்டேன். வழியில் அவன் கால் செருப்பு ஒன்று தண்ணீரில் விழுந்தது. எடுக்க நான் நிற்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் குரல்கள் கேட்டன. அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர்கள். பிறகு அந்த ஆள். தம்பி வாயைப் பொத்திக்கொண்டு கதவிடுக்கில் பார்த்தேன். அன்று கால்வாயில் தண்ணீர் நிறையப் போனது. மதகடியில் செருப்பு சிக்கிச் சுழன்றுகொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். நீச்சல் தெரியாத அப்பாவைத்தான் எனக்குத் தெரியும். இவர் சட்டையோடு குதித்தார். மார்பளவு தண்ணீரில் முங்கி முங்கித் துழாவினார். ஒவ்வொரு முறை தலை வெளியே வந்தபோதும் எங்கள் இருவர் பெயரையும் கத்தினார். அது கத்தலே இல்லை, வேறு ஏதோ. தம்பி என் கையைக் கடித்துவிட்டு "அப்பா!" என்று வீறிட்டான்.

எங்களை அள்ளிக்கொள்ள அவர் கரையேறி ஓடிவந்தார். நான் மோட்டார் அறையிலிருந்து வெளியே ஓடி அம்மாவின் முந்தானைக்குள் புகுந்து அலறினேன்.

"நீங்க எங்கப்பா இல்ல! உங்க மேல பிஸ்கட் வாசன வருது! கன்னடத்துல பேசுனீங்க! எங்கப்பா எங்க?"

அம்மா அவரையே பார்த்தாள். கிட்டே போய் அவர் ஈரச் சட்டையை முகர்ந்தாள்.

"என்னாங்க இது?" என்றாள். "கம்பெனிக்குப் போறீங்களா இல்லியா?"

அவர் கரையில் உட்கார்ந்துவிட்டார். "லேத் செக்‌ஷன மூடிட்டாங்க. இருவது நாளாச்சு. கர்நாடகத்துல, ஆனேக்கல் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனில பேக்கிங். மீச வெக்கக் கூடாதுன்னாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கென்னா?"

"நான் பர்மனென்ட் ஆவப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தியே."

அம்மா முந்தானையால் அவர் தலையை அழுத்தித் துவட்டினாள். கொஞ்சம் கோபமாகவே துவட்டினாள். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. திருட்டு வெளிப்பட்டுவிட்டது, இனி இவரை அனுப்பிவிடுவார்கள் என்று காத்திருந்தேன். தலையை எதற்குத் துவட்டுகிறார்கள்?

தம்பியை அத்தை தூக்கிக்கொண்டாள். முன்னால் நடந்தாள். நான் முரண்டு பிடிக்கப் பிடிக்க என்னை அவர் தோளில் போட்டுக்கொண்டார். பாதி தூரம் போனதும் என் காதருகில், "நீ ஒருத்திதான் கண்டுபுடிச்ச, பாப்பா" என்றார்.

அதை ஒரு ஒப்புதல் வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டேன். வீடு வரும்வரை உடம்பை விறைத்துக்கொண்டு, அந்த ஈரத் தோளில் கன்னம் படாமல் தலையைத் தூக்கியே வைத்திருந்தேன். அந்தக் குரலில் இருந்தது நிம்மதி என்று அப்போது எனக்குத் தெரியாது.