டாக்டர் காட்டிய விரல்கள்

அம்மை வந்து போனதில் எனக்கு மிஞ்சியது வெளிச்சமும் நிழலும்தான். எதிரே ஏதோ கறுப்பாக அசையும். அது ஆளா மாடா என்பது வாய் திறந்தால்தான் தெரியும். இந்த விஷயம் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பது என் ஆத்தா போட்ட சட்டம். தாண்டினால் எனக்குக் கல்யாணம் நடக்காதாம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அந்த வேலையை அவள் செய்த திறமையை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது, கூடவே கோபமும் வருகிறது. பெண் பார்க்க வருகிற கூட்டத்தில் சந்தேகப்படுகிறவள் ஒருத்தி கட்டாயம் இருப்பாள். என் முகத்துக்கு முன்னால் விரலை நீட்டி, எத்தனை என்று கேட்பாள். எனக்குப் பின்னால் நிற்கும் ஆத்தா முந்தானையைச் சரிசெய்வதுபோலக் கையை அசைப்பாள். எத்தனை விரலோ அத்தனை தடவை வளையல் குலுங்கும். நான் எண்ணிச் சொல்லிவிடுவேன். அப்படியும் ஒரு சம்பந்தமும் அமையவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

யுத்த காலத்தில், எங்கள் தெருவுக்குப் பிரசவம் பார்க்க வந்த நர்சம்மா ஒருவர் ஒரு சேதி சொன்னார். கண் தெரியாதவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிற பள்ளி ஒன்று தெற்கே இருக்கிறதாம். பாய் நெய்யலாம், நாற்காலிக்குப் பிரம்பு பின்னலாம். சேர வேண்டுமென்றால் சர்க்கார் டாக்டர் இரண்டு விஷயத்தை எழுதித் தர வேண்டும். பார்வை இனித் திரும்பாது என்பது ஒன்று. உடம்பும் கையும் வேலைக்கு ஆகும் என்பது இன்னொன்று. எது குறைந்தாலும் சேர்க்க மாட்டார்கள்.

கேட்ட நிமிஷமே நான் முடிவு செய்துவிட்டேன். வீட்டில் நான் செய்யாத வேலை கிடையாது. வாழைநார் கிழிப்பேன், கயிறு திரிப்பேன், புளி கொட்டை எடுப்பேன். எல்லாம் சாத்திய கதவுக்குப் பின்னால்தான். தடவித் தடவிச் செய்வதை யாரும் பார்த்துவிடக் கூடாதே. இப்படியே ஒளிந்து ஒளிந்து கிழவியாவதற்கு எனக்குச் சம்மதமில்லை. ஆத்தா அழுதாள். நான் சோற்றைத் தொட மறுத்தேன். பிடிவாதத்தில் நான் அவள் மகள். கடைசியில் இரண்டு பேரும் கரி வண்டி ஏறினோம். பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓடிய பஸ் அது. மேட்டில் நின்றுவிட்டால் இறங்கித் தள்ள வேண்டும். ஒரு மேட்டில் நானும் இறங்கித் தள்ளினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார். ஆத்தா வழக்கம்போல எனக்குப் பின்னால் நின்றாள். இது எத்தனை விரல் என்று டாக்டர் கேட்டார். வளையல் மூன்று தடவை குலுங்கியது. பழகிப் போன வாய் என்னைக் கேட்காமலே மூன்று என்றது.

பார்வை இருக்கிறது, அந்தப் பள்ளியில் இவளைச் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஸ்டூலை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

"அய்யா, எங்க ஆத்தாளை வெளிய நிக்கச் சொல்லுங்க. அப்பறம் கேளுங்க."

ஆத்தா வெளியே போனாள். டாக்டர் மறுபடியும் கேட்டார். விரல் நீட்டியிருக்கிறீர்களா என்பதே தெரியவில்லை என்றேன். விளக்கை அடித்து, இமையைப் புரட்டி, வெகுநேரம் பார்த்தார். பிறகு இரக்கமான குரலில், இவ்வளவு மோசமாக இருக்கிறதே, அங்கே போய் நீ என்னம்மா செய்வாய் என்றார். நல்ல கூத்து. சற்று முன்பு கண் இருக்கிறது என்று தள்ளினார், இப்போது கண் இல்லை என்று தள்ளப் பார்க்கிறார்.

"கண்ணைப் பாத்துட்டீக. இனிக் கையைப் பாருங்க" என்றேன்.

துவைத்துப் போட்டிருந்த கட்டுத்துணிக் குவியலைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. தரையில் உட்கார்ந்து சிக்கெடுத்தேன். ஒவ்வொன்றாக இறுக்கிச் சுருட்டி வரிசையாக அடுக்கினேன். முடிகிறவரை அவர் என் பக்கத்திலேயே நின்றார்.

வேலை பார்ப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் முதலில் தெரியும் என்றாய், பிறகு தெரியாது என்கிறாய், எதை நம்பி எழுதுவது என்றார். ஆத்தாளை வாசலுக்கு அழைத்தார். பெற்றவள் வாயால் சொல்லட்டும், இவளுக்குக் கண் தெரியுமா தெரியாதா என்று கேட்டார். தாழ்வாரம் நிறையச் சனம். எங்கள் ஊர்க் குரல்களும் அதில் கேட்டன.

எனக்குப் பயம் வந்தது. அவள் தெரியும் என்று சொல்லிவிட்டால் என் தொழில், என் சோறு எல்லாம் அந்த வாசலோடு போய்விடும்.

"தெரியாதுங்கய்யா" என்றாள் கடைசியில். "அம்மையிலயே போயிருச்சு. நாந்தேன் மறைச்சேன்."

டாக்டர் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் ஆத்தா என் கையைப் பிடித்தாள். நடுத்தெருவில் அவள் அப்படிப் பிடித்ததே இல்லை. பிடித்தால் ஊருக்குத் தெரிந்துபோகுமே என்று முன்னால் நடப்பாள், வளையல் சத்தத்தை வைத்து நான் பின்னால் போவேன். அன்றைக்குக் கடைவீதி முழுக்க விடவில்லை. எங்கள் ஊர்க்காரி ஒருத்தி எதிரே வந்து, என்ன மதினி, வளர்ந்த பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறீர்களே என்று கேட்டாள்.

"அவளுக்குக் கண்ணு தெரியாதுல்ல" என்றாள் ஆத்தா. "தொழில் படிக்கப் போறா."